கத்தரிக்கோலுக்கு விலாசம் சொன்னவர்கள்

1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் சிறியதொரு கட்டுரை எழுதினார்கள். நீலகிரி மலைப் பழங்குடிகளின் இரத்தத்தில் அரிவாள் அணுக்கள் இருக்கின்றன என்பதுதான் செய்தி. அதுவரை அதை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே மருத்துவ உலகம் பெரும்பாலும் எண்ணியிருந்தது. சோதனை எளிது. ஒரு சொட்டு இரத்தத்தை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைத்துவைக்க வேண்டும். ஆக்ஸிஜன் குறையக் குறைய, வட்டத் தட்டு போன்ற சிவப்பணுக்கள் வளைந்து, நுனி கூர்ந்து, கதிரறுக்கும் அரிவாளின் உருவத்துக்கு வந்துவிடும். அதே வளைவு உடம்புக்குள் நேரும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. எலும்புக்குள் தாங்க முடியாத வலி, மண்ணீரல் பழுது, பலருக்கு இளவயதிலேயே மரணம்.

நான்கு ஆண்டுகள் கழித்து கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ராம் காரணத்தைப் பிடித்தார். ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்திருக்கும். அதில் ஆறாவது மணி மட்டும் மாறியிருந்தது. அந்த மணிக்கான உத்தரவை எழுதிய டி.என்.ஏ.வில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ இருக்கிறது. மனிதனின் மரபணுத்தொகுப்பில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உண்டு. பிழை அவற்றில் ஒரே ஓர் எழுத்து.

பிழை இன்னதென்று தெரிந்த பிறகும் அந்த இடத்துக்குப் போய்க் கைவைக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. டி.என்.ஏ.வை வெட்டத் தெரிந்த கத்தரிக்கோல்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. விலாசம் படிக்கத் தெரிந்த கத்தரிக்கோல்தான் கிடைக்கவில்லை. மரபணுத் திருத்தம் என்ற தொழிலின் வரலாறு, அந்த விலாசத்தை எப்படிப் படிப்பது என்று தேடியவர்களின் வரலாறு.

முதல் கத்தரிகளைத் தந்தவை பாக்டீரியாக்கள். அவற்றைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. ஃபேஜ் என்று பெயர். உள்ளே நுழையும் ஃபேஜின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கப் பாக்டீரியாக்கள் சில நொதிகளை வைத்திருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்து பயன்படுத்தியதற்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் மூவருக்கும் 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நொதிகளில் பல ஆறு எழுத்து கொண்ட ஒரு சொல்லைத் தேடி அங்கே வெட்டும். சோதனைக் குழாய்க்குள் சிறிய டி.என்.ஏ. வளையத்தை வெட்ட அது போதும். மனித உயிரணுவுக்குப் போதாது. நான்கு எழுத்துகளைக் கொண்டு எழுதும் மொழியில் ஆறெழுத்துச் சொல் ஒன்று சராசரியாக 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை வந்துவிடும். 300 கோடியில் அது ஏழு லட்சம் இடங்கள். வீட்டு எண் மட்டும் எழுதி ஊர்ப் பெயர் எழுதாத தபாலைப் போன்ற நிலைமை.

வேறு சிலர் வெட்டாமலே திருத்தப் பார்த்தார்கள். 1980-களில் மரியோ கபெக்கி, ஆலிவர் ஸ்மிதீஸ் இருவரும் திருத்திய டி.என்.ஏ.வை உயிரணுவுக்குள் அனுப்பி, அது தன்னைப் போன்ற இடத்தைத் தானே தேடி உட்காரும்வரை காத்திருந்தார்கள். லட்சக்கணக்கான உயிரணுக்களில் ஏதோ ஒன்றிரண்டில் அது நடக்கும். அவற்றைப் பொறுக்கியெடுத்து எலிகளை உருவாக்கலாம். எலி ஆராய்ச்சியையே அது மாற்றியமைத்தது; இருவரும் மார்ட்டின் இவான்ஸோடு 2007-இல் நோபல் பெற்றார்கள். ஆனால் நோயாளியின் எலும்பு மஜ்ஜையை வைத்துக்கொண்டு இப்படி அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் நியூயார்க்கில் மரியா ஜேசின் செய்த ஒரு சோதனை திருப்பமாக அமைந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஐ-எஸ்சிஇ1 என்ற நொதி, 18 எழுத்து கொண்ட நீண்ட சொல்லைத் தேடி வெட்டும். அந்தச் சொல்லை முன்கூட்டியே எலியின் உயிரணுவில் ஓரிடத்தில் செருகிவைத்து, அங்கே வெட்டவிட்டார்கள். 1994-இல் வந்த முடிவு தெளிவாக இருந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் திருத்தம் நிகழ்வது பல மடங்கு கூடியது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படை இதுவே. கத்தரிக்கோல் எதையும் திருத்துவதில்லை. இரு இழையும் அறுந்த டி.என்.ஏ. உயிரணுவுக்கு உயிர்போகும் அவசரம். அது இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கும். ஒன்று, அறுந்த முனைகளைக் கையில் கிடைத்தபடி ஒட்டிவிடுவது. அப்போது ஓரிரு எழுத்துகள் விழும், அல்லது புதிதாகச் சேரும், அந்த மரபணு பெரும்பாலும் செயலிழந்துபோகும். இன்னொன்று, மாதிரிப் பிரதி ஏதேனும் அருகில் இருந்தால் அதைப் பார்த்து நிதானமாக எழுதிக்கொள்வது. முதல் வழி எளிது. கெடுக்க வேண்டியதைக் கெடுக்க உதவும். இரண்டாவது அரிது, பிழையைத் திருத்த அதுதான் வேண்டும். எந்த வழியை எடுப்பது என்பதை உயிரணுவே முடிவு செய்கிறது. விஞ்ஞானியால் செய்ய முடிந்ததெல்லாம் சரியான இடத்தில் அறுப்பது மட்டுமே.

ஆனால் ஜேசினின் நொதி படித்தது ஒரே ஒரு விலாசத்தை. விரும்பிய விலாசத்தைப் படிக்கும் புரதம் எங்கே கிடைக்கும்? விடை ஒரு தவளையின் முட்டையில் இருந்தது. ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டையிலிருந்து எடுத்த புரதத்தை ஆராய்ந்த ஆரன் க்ளக்கின் குழு, அதில் ஒரே அமைப்பு ஒன்பது முறை திரும்ப வருவதை 1985-இல் கேம்பிரிட்ஜில் கண்டது. ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒவ்வொரு துண்டும் ஒரு துத்தநாக அயனியைப் பற்றிக்கொண்டு விரல்போல் நீட்டியிருக்கும். அந்த விரல் டி.என்.ஏ.வின் பள்ளத்தில் நுழைந்து மூன்று எழுத்துகளைத் தடவிப் படிக்கும். விரல்களை வரிசையாகக் கோத்தால் நீண்ட விலாசத்தைப் படிக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

விரல்களோடு கத்தரியை இணைத்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீனிவாசன் சந்திரசேகரன். பரிசுப் பட்டியல்களில் அதிகம் ஒலிக்காத பெயர். இந்தத் தொழிலில் அவருக்குரிய இடம் மிகப் பெரிது. ஃபோக்1 என்ற பாக்டீரிய நொதி ஒரு விநோதப் பிறவி. அதில் படிக்கும் பகுதி தனி, வெட்டும் பகுதி தனி. படிக்கும் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் துத்தநாக விரல்களைப் பொருத்தலாம் என்று 1996-இல் அவர் குழு காட்டியது. மனிதர் தம் விருப்பப்படி விலாசம் எழுதக்கூடிய முதல் கத்தரி அதுதான். அதில் இன்னொரு நல்ல குணமும் இருந்தது. ஃபோக்1-இன் வெட்டும் பகுதி தனியாக நின்று வெட்டாது, சோடி சேர வேண்டும். ஆகவே இருபுறமும் இரண்டு கருவிகள் வந்து உட்கார்ந்தால்தான் வெட்டு விழும். மூன்று விரல் படிப்பது 9 எழுத்து; சோடி சேர்ந்தால் 18. நான்கெழுத்து மொழியில் 18 எழுத்துச் சொற்கள் 6,871 கோடி உண்டு. 300 கோடி எழுத்துப் புத்தகத்தில் அப்படியொரு சொல் தற்செயலாக இரண்டாம் முறை வர வாய்ப்புக் குறைவு.

யூட்டாவில் டேனா கேரல் இதைப் பழ ஈயில் பரீட்சித்தார். குறிவைத்த மரபணுவின் பெயரே ‘மஞ்சள்’. அது கெட்டால் ஈயின் உடம்பு பழுப்பு நிறம் இழந்து மஞ்சளாகும். 2002-இல் அத்தகைய மஞ்சள் ஈக்கள் பிறந்தன. 2005-இல் கலிஃபோர்னியாவின் சங்காமோ நிறுவனக் குழு மனித உயிரணுக்களில் 18 சதவீதம் வரை திருத்தம் கண்டது. லட்சத்தில் ஒன்று என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். 2014-இல் வெளியான ஆய்வொன்றில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 12 பேரின் நோய் எதிர்ப்பு அணுக்களை வெளியே எடுத்து, அந்த வைரஸ் நுழையும் சிசிஆர்5 என்ற வாசலைத் துத்தநாக விரல் கத்தரியால் கெடுத்து, திரும்ப அவர்கள் உடம்பிலேயே ஏற்றினார்கள்.

குறை என்னவென்றால், விரல்கள் கோத்தபடி நடந்துகொள்வதில்லை. தனியே ஒழுங்காகப் படிக்கும் விரல், பக்கத்தில் வேறொரு விரல் வந்ததும் தடுமாறும். ஒவ்வொரு புதிய விலாசத்துக்கும் புரதத்தைப் புதிதாக வடித்துச் சரிபார்க்க மாதக்கணக்காகும். பணவசதியும் அனுபவமும் உள்ள சில ஆய்வகங்களைத் தவிர மற்றவர்களுக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது.

அடுத்த விடை மிளகாய் இலையில் இருந்தது. சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவை உழவர்களுக்கு நன்றாகத் தெரியும். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலைக் கொண்டுவருவது அதன் ஓர் இனம். மிளகாய், தக்காளி இலைகளில் புள்ளி விழச் செய்வது இன்னோர் இனம். அது செடியின் உயிரணுவுக்குள் ஒரு புரதத்தை ஊசி போட்டதுபோல் செலுத்தும். அந்தப் புரதம் செடியின் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, பாக்டீரியாவுக்கு வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும். ஜெர்மனியின் ஹாலே நகரில் உல்லா போனாஸின் ஆய்வகம் பல்லாண்டுகள் இந்தப் புரதத்தோடு மல்லுக்கட்டியது. 2009-இல் அங்கு யென்ஸ் போக்கும், தனியே அமெரிக்காவின் அயோவாவில் மாத்யூ மோஸ்கோவும் ஆடம் போக்டனோவும் அதன் குறியீட்டை அவிழ்த்தார்கள். புரதத்தில் சுமார் 34 அமினோ அமிலத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அதில் 12-ஆம், 13-ஆம் இடத்து அமினோ அமிலங்கள் மட்டும் மாறும். அந்த இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்தைப் படிக்கின்றன. ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து. பக்கத்துத் துண்டு குறுக்கிடுவதும் பெரிதாக இல்லை. பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோப்பதுபோல் கோத்துவிடலாம்.

இதனோடு அதே ஃபோக்1 கத்தரியைச் சேர்த்ததுதான் டாலென். 2015-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், மற்ற எல்லா மருத்துவமும் கைவிட்ட நிலையில் இரத்தப் புற்றுநோயோடு இருந்த ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு, டாலெனால் திருத்திய வேறொருவரின் நோய் எதிர்ப்பு அணுக்களைச் செலுத்தினார்கள். குழந்தை பிழைத்தாள். அந்தச் செய்தி வெளியான நேரத்தில் உலகம் வேறொரு பெயரைப் பேசிக்கொண்டிருந்தது.

கிரிஸ்பர் என்ற அந்தப் பெயரின் கதை மூன்று ஊர்களில் தனித்தனியே தொடங்கியது. 1987-இல் ஒசாகாவில் யோஷிஸுமி இஷினோ, குடல் பாக்டீரியா ஒன்றின் டி.என்.ஏ.வில் 29 எழுத்து வாசகம் ஒன்று சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அதன் பொருள் விளங்கவில்லை என்று எழுதி வைத்தார். ஸ்பெயினில் அலிகாந்தேக்கு அருகே சாந்தா போலா உப்பளங்கள் உள்ளன. பாத்தியில் நீர் சுண்டி உப்பு பூக்கும் அந்த இடத்தில், உப்பிலேயே வாழும் நுண்ணுயிர் ஒன்றை ஆராய வந்த முனைவர் பட்ட மாணவர் பிரான்சிஸ்கோ மோகிகா அதே மாதிரியான அமைப்பைப் பார்த்தார். திரும்ப வரும் வாசகத்தைவிட, அவற்றுக்கு இடையே இருக்கும் துண்டுகள் அவரை விடவில்லை. பத்தாண்டு கழித்து 2003-இல் விடை கிடைத்தது. அந்தத் துண்டுகள் ஃபேஜ்களின் டி.என்.ஏ.விலிருந்து வந்தவை. பாக்டீரியா தன்னைத் தாக்கிய பகைவர்களின் அடையாளத்தைக் குறித்துவைக்கும் ஏடு அது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைப் பெரிய இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின, 2005-இல்தான் அச்சேறியது. உப்பள நுண்ணுயிர் ஒன்றின் பின்னால் ஒருவர் பத்தாண்டு நடந்ததை யாரும் வீண் என்று நிறுத்தாமல் விட்டதே பெரும் பேறு.

மூன்றாவது ஊர் தயிர்க்காரர்களுடையது. வீட்டில் உறை ஊற்றிய பால் உறையாமல் போனால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும். தொழிற்சாலைத் தொட்டியில் உறைப் பாக்டீரியாவை ஃபேஜ் தாக்கினால் டன் கணக்கில் பால் வீண். தயிருக்கும் பாலாடைக்கட்டிக்கும் உறை தயாரித்த டானிஸ்கோ நிறுவனத்தில் ரோடால்ஃப் பராங்கூ, ஃபிலிப் ஹார்வத் குழு, ஃபேஜ் தாக்கியும் செத்துப்போகாமல் மிஞ்சிய பாக்டீரியாக்களை எடுத்துப் பார்த்தது. அவற்றின் ஏட்டில் அந்த ஃபேஜின் துண்டு ஒன்று புதிதாக ஏறியிருந்தது. அதை அழித்தால் பாதுகாப்புப் போயிற்று, சேர்த்தால் வந்தது. 2007-இல் வெளியான இந்தச் சோதனையோடு ஐயம் தீர்ந்தது.

அந்த ஏட்டைப் பார்த்து வெட்டுவது யார்? தொண்டைப் புண் உண்டாக்கும் பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த இம்மானுவேல் ஷார்பான்டியே, 2011-இல் இந்த வேலையில் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றுக்கும் பங்குண்டு என்று கண்டார். அதே ஆண்டு போர்ட்டோ ரிக்கோ மாநாட்டில் பெர்க்லியின் ஜெனிஃபர் டௌட்னாவைச் சந்தித்தார். இரு குழுக்களும் சேர்ந்து 2012 ஜூனில் வெளியிட்ட கட்டுரை, காஸ்9 என்ற ஒற்றைப் புரதத்தையும் அதற்கு வழிகாட்டும் ஒற்றை ஆர்.என்.ஏ.வையும் கொண்டு எந்த டி.என்.ஏ.வையும் வெட்டலாம் என்று காட்டியது. வில்னியஸில் விர்ஜினியஸ் ஷிக்ஷ்னிஸ் ஏறத்தாழ அதே முடிவை அதற்கு முன்பே ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தார், திரும்பி வந்தது. சில மாதங்கள் தாமதித்து வேறிடத்தில் வெளியானது. 2020-இன் நோபல் பரிசு ஷார்பான்டியேக்கும் டௌட்னாவுக்கும் போனது. ஷிக்ஷ்னிஸின் பெயரை அப்போது பலரும் வருத்தத்தோடு நினைத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

காஸ்9 வேலை செய்யும் விதம் அழகு. அது முதலில் முழு விலாசத்தையும் தேடுவதில்லை. அடுத்தடுத்து இரண்டு ‘ஜி’ இருக்கும் இடத்தில் மட்டும் நிற்கும். அங்கே டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் லேசாகப் பிரித்து, தன் கையிலுள்ள ஆர்.என்.ஏ.வின் 20 எழுத்துகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும். முதல் சில எழுத்துகளிலேயே பொருந்தாவிட்டால் விட்டுவிட்டு நகரும். கடைசிவரை பொருந்தினால் இரு இழையையும் அறுக்கும். பாக்டீரியாவின் சொந்த ஏட்டிலும் அதே 20 எழுத்து இருக்கிறதே, அதை ஏன் வெட்டுவதில்லை? ஏட்டில் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் இரண்டு ‘ஜி’ இல்லை.

2013 ஜனவரியில் ஃபெங் ஜாங், ஜார்ஜ் சர்ச் இருவரின் குழுக்களும் மனித உயிரணுக்களில் இதைச் செய்து காட்டிய பிறகு ஆய்வகங்களின் அன்றாடமே மாறியது. துத்தநாக விரலிலும் டாலெனிலும் விலாசம் புரதத்தில் எழுதப்பட்டது. விலாசம் மாறினால் புரதத்தையே மாற்ற வேண்டும். கிரிஸ்பரில் விலாசம் ஆர்.என்.ஏ. என்ற தனிச் சீட்டில் இருக்கிறது. கத்தரி மாறாது, சீட்டை மாற்றினால் போதும். 20 எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினால் சில நாளில் தபாலில் வந்துவிடும். ஒரு முதுகலை மாணவரால் செய்ய முடிந்த வேலையாக அது ஆனது.

அதனால் பழைய கருவிகள் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. துத்தநாக விரல்கள் உருவில் சிறியவை. மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸுக்குள் காஸ்9-ஐத் திணிப்பது கடினம், அவை எளிதில் அடங்கும். காஸ்9 சில எழுத்துகள் பொருந்தாத இடத்திலும் சில நேரம் வெட்டிவிடும். சோடி சேர்ந்தால்தான் வெட்டும் கருவிகளுக்கு அந்தப் பழக்கம் குறைவு. உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வைக் கொண்டு சேர்க்க நல்ல வழி இல்லை. 2020-இல் அங்குள்ள டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றிக் காட்டியபோது விலாசம் படிக்க உதவியது மிளகாய் இலைப் பாக்டீரியாவின் புரதம்தான்.

எளிமைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 2018 நவம்பரில் சீனாவின் ஹே ஜியான்குய், கருவிலேயே சிசிஆர்5 மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். தேவையற்ற சோதனை, அந்தக் குழந்தைகளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவர்களுக்குச் செய்தது அவர்கள் சந்ததிக்கும் போகும். அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அரிவாள் அணு நோய்க்கு வருவோம். கிரிஸ்பர் கொண்டு செய்யும் முதல் மருத்துவமான காஸ்ஜெவிக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. அது அந்தப் பிழை எழுத்தைத் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நாம் அனைவரும் வேறொரு ஹீமோகுளோபினைச் செய்கிறோம். பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடுகிறது. அந்த அணைப்பானை இரத்த அணுக்களில் கெடுத்தால் கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப ஊறும், அணுக்கள் வளைவது நிற்கும். வெட்டி ஒட்டுவது, அதாவது கெடுப்பது, எளிய வழி என்று முன்பு பார்த்தோமே, அதைக் கொண்டு ஒரு பெரிய நோயை மடக்கிய சாமர்த்தியம் இது. ஆனால் நோயாளியின் மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்தபின்தான் திருத்திய அணுக்களை ஏற்ற முடியும். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

எழுத்தையே மாற்றும் கருவிகளும் வந்துவிட்டன. ஹார்வர்டில் டேவிட் லியூவின் ஆய்வகத்தில் அலெக்சிஸ் கோமோர் 2016-இல், முழுதாக வெட்டாத காஸ்9-ஓடு எழுத்தின் வேதியியலை மாற்றும் நொதியைச் சேர்த்து ‘சி’யை ‘டி’ ஆக்கினார். ‘ஏ’யை ‘ஜி’ ஆக்க இயற்கையில் பொருத்தமான நொதியே இல்லை. நிக்கோல் காடெலி பாக்டீரியாவில் அதைப் பல தலைமுறைகள் வளர்த்துத் தேர்ந்தெடுத்து 2017-இல் உருவாக்கினார். மெய்ப்புத் திருத்துபவர் ஓர் எழுத்தை அடித்து மாற்றுவதற்கு நிகரான வேலை. ஆனால் அரிவாள் அணுவின் ‘டி’யைத் திரும்ப ‘ஏ’ ஆக்க இந்த இரண்டாலும் முடியாது. ஒரு சுற்றுவழி கிடைத்தது. அந்த எழுத்தை ‘சி’ ஆக்கினால், இந்தோனேசியாவின் மகாசரில் முதலில் காணப்பட்ட, தீங்கு செய்யாத இன்னொரு ஹீமோகுளோபின் பிறக்கும். 2021-இல் எலிகளில் அது பலித்தது. 2019-இல் ஆண்ட்ரூ அன்சலோனே உருவாக்கிய பிரைம் எடிட்டிங்கில் ஆர்.என்.ஏ. சீட்டிலேயே விலாசமும் புதிய வாசகமும் சேர்ந்திருக்கும். அது ‘டி’யை நேராக ‘ஏ’ ஆக்கியது, முதலில் ஆய்வகத்து அணுக்களில்.

2025-இல் பிலடெல்பியாவில், கல்லீரல் அம்மோனியாவை வெளியேற்ற முடியாத அரிய நோயோடு பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு, அவனுடைய பிழைக்கென்றே எழுத்து மாற்றும் மருந்தை ஆறு மாதத்தில் செய்து, கொழுப்புத் துகள்களில் அடைத்து இரத்தக் குழாய் வழியே செலுத்தினார்கள். அதே ஆண்டு மே மாதம் இந்தியா கிரிஸ்பரால் திருத்திய இரண்டு நெல் வகைகளை அறிவித்தது. ஒன்று, நம் அரிசிக் கடைகளில் பி.பி.டி. என்று பெயர்பெற்ற சம்பா மசூரியில் கதிருக்கு மணி கூட்டிய ‘கமலா’.

வேலூரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தின் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வொன்று, எழுத்து மாற்றும் கருவியைக் கொண்டு கருக்கால ஹீமோகுளோபின் மரபணுவின் முகப்பைத் துழாவி, எந்தெந்த எழுத்தை மாற்றினால் அதன் அளவு கூடுகிறது என்று பட்டியலிட்டது. டெல்லியில் தேபோஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி இருவரின் குழு வேறொரு பாக்டீரியாவின் காஸ்9-ஐ அரிவாள் அணு நோய்க்காகச் செதுக்கிவருகிறது. 2020 கொரோனா காலத்தில் இதே புரதத்தின் வெட்டும் பல்லைப் பிடுங்கிவிட்டு, விலாசம் படிக்கும் திறனை மட்டும் வைத்துக்கொண்டு, காகிதப் பட்டையில் வைரஸைக் காட்டும் ஃபெலுடா சோதனையைச் செய்தவர்கள் இவர்கள்தான். நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் குடிகளில் அந்த ஒற்றை எழுத்துப் பிழை இன்றும் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கிறது. 22 லட்சம் டாலர் மருந்து அந்த மலை ஏறாது. வேலூரிலும் டெல்லியிலும் நடக்கும் வேலை ஏற வேண்டும்.